சும்மா சிவக்காது

முதலில் கண்ணாடியைக் கழற்றுகிறார் ஹெட்விகா பவெல்கோவா. கழற்றிக் கழுத்துச் சங்கிலியில் தொங்கவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளி, திரையை வெறுங்கண்ணால் பார்க்கிறார். அந்தத் தூரத்தில் ஓர் எழுத்தும் அவருக்குப் புலப்படாது. நிறம் மட்டும்தான் தெரியும். பச்சை, பச்சை, பச்சை, நடுவே சிவப்பு. சிவப்புகள் மேலிருந்து கீழாக ஒரே பத்தியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றால் ஏதோ ஓர் இயந்திரம் படுத்துவிட்டது. குறுக்கே வரிசையாக ஓடினால் முந்தைய நாள் யாரோ சேர்த்த மாற்றம் தன் வேலையைக் காட்டுகிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால்தான் அவர் முகம் சுருங்கும். "இதுங்க பேசி வெச்சுக்கிட்டு வரல. தனித்தனியா வந்திருக்குங்க. தனித்தனியாத்தான் விசாரிக்கணும்" என்பார். அதன் பிறகே கண்ணாடி மூக்குக்கு ஏறும்.

லீபா என்பது எங்கள் இயங்குதளத்தின் பெயர். கணினிக்கு உயிர் கொடுக்கும் மென்பொருள் அது. யாரும் விலையில்லாமல் எடுத்துக்கொள்ளலாம்; உள்ளே எழுதியிருப்பதைப் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை எங்களுக்கு அனுப்பலாம். போர்த்துகலிலிருந்தும் போலந்திலிருந்தும் பல்கேரியாவிலிருந்தும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அவ்வளவையும் தினம் சேர்த்துக் கட்டிய புதுப் பிரதியை எங்கள் சோதனைப் பொறி, கணினிக்குள் கணினியாக உண்டாக்கிய பாவனைக் கணினிகளில் ஏற்றிப் பார்க்கும். விசைகளை அதுவே தட்டும், சுட்டியை அதுவே நகர்த்தும். ஒவ்வொரு படியிலும் திரையை, முன்பே சேமித்து வைத்த மாதிரிப் படத்தோடு ஒப்பிடும். ஒத்துப்போனால் அடுத்த படி. ஒத்துப்போகாவிட்டால் நின்ற இடத்திலேயே சிவக்கும். ஏன் சிவந்தது என்று சொல்ல அதற்குத் தெரியாது. அதைச் சொல்வதற்குத்தான் ஹெட்விகாவுக்குச் சம்பளம்.

வயது ஐம்பத்து மூன்று. உயரம் குறைவு, தோள் அகலம். செக் நாட்டின் ப்ர்னோ நகரில் ஸ்விதவா ஆற்றங்கரையில் ஒரு பழைய கம்பளி ஆலையின் மேல்மாடி எங்கள் அலுவலகம். வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டுதான் உள்ளே வருவோம். மற்றவர்களுடையது கடையில் வாங்கியது. ஹெட்விகாவுடையது சாம்பல் நிறக் கம்பளியில் அவரே தைத்தது, சத்தமே வராது. முதுகுக்குப் பின்னால் அவர் வந்து நிற்பது தெரியாமல் திரும்பிக் காபியைக் கொட்டியவர்கள் இங்கே பலர். பழைய தொழில் அப்படி. டிராமில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். முழங்கால் தேய்ந்து நிற்க முடியாமல் போனபோது மாலை வகுப்பில் சேர்ந்து கணினி கற்றுக்கொண்டார். பிறகு வீட்டிலிருந்தபடியே லீபாவில் உள்ள பிழைகளைப் பொறுக்கி எழுதி எழுதி அனுப்பினார். தொல்லை தாங்காமல் வேலைக்கே எடுத்துக்கொண்டோம்.

டிராமில் கற்ற எதையும் அவர் விட்டுவிடவில்லை. ஒரு சோதனை சிவந்தால் எங்கள் பையன்களுக்கு முதலில் கை போவது 'மறுபடி ஓட்டு' என்ற பொத்தானுக்கு. மறுபடி ஓட்டினால் பாதி நேரம் பச்சையாகிவிடும். பச்சையானதும் 'அப்பப்போ சறுக்கும்' என்று ஒரு குறிப்பைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடலாம். இந்த வழக்கத்தைக் கண்டாலே ஹெட்விகாவுக்கு ஆகாது.

"டிக்கெட் எடுக்காதவன் ஒருத்தன் அடுத்த ஸ்டாப்புல எறங்கி ஓடிட்டான். இப்ப வண்டியில இருக்கற எல்லார்கிட்டயும் டிக்கெட் இருக்கு. அதனால அவனும் எடுத்திருந்தான்னு எழுதிடலாமா? எதுவும் சும்மா செவக்காது, தம்பி."

"மெஷின் மெதுவா இருந்திருக்கும், ஹெட்விகா."

"எந்த மெஷின்? எதனால மெதுவாச்சு? சொல்லிட்டுச் சாப்பிடப் போ."

சொல்லாமல் போகவும் விடமாட்டார். பதினொரு மணிக்கே கீழ்த்தளத்து உணவகத்தில் பூண்டு சூப்பின் வாசனை மேலே ஏறி வரும். வறுத்த பாலாடைக்கட்டி தீர்ந்துவிடுமே என்று பையன் தவிப்பான். ஹெட்விகா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். காரணத்தைச் சரியாகச் சொன்னவனுக்குத் திங்கட்கிழமை ஒரு காகிதப் பொட்டலம் கிடைக்கும், உள்ளே காய்ந்த காளான். சனிக்கிழமை தோறும் கூடையோடு காட்டுக்குப் போய் அவரே பறித்து வந்தது. சரியாகச் சொல்லாதவனுக்கு அது கண்ணில்கூடக் காட்டப்படாது. பிரிவின் தலைவருக்கு இதுவரை ஒரு பொட்டலமும் கிடைத்ததில்லை.

காரணத்தோடு விடாமல் பெயரையும் எழுதுவார். சோதனை முடிவுகள் வரும் அந்தத் திரைப் பக்கத்தைப் பலகை என்போம்; அதில் ஒவ்வொரு சிவப்புக்கும் கீழே, எதனால் ஆயிற்று, யாரால் ஆயிற்று. அந்தப் பலகையை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். இதில் முணுமுணுப்பு உண்டு. "பேரு எதுக்கு, 'புது மாற்றத்தால்'னு போட்டாப் போதாதா?" என்று நானே ஒருமுறை கேட்டிருக்கிறேன். "மாற்றம் தானா நடந்து உள்ள வந்துச்சா?" என்று திருப்பிக் கேட்டார். எனக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் ஒரே வீட்டில் குடியிருக்கச் சொன்னால் ஆற்றில் குதித்துவிடுவேன்.

சென்ற வியாழக்கிழமை பலகை முழுவதும் பச்சை. ஒரே ஒரு சிவப்பு.

அன்று மாலை லீபாவின் புதிய பதிப்பு வெளியாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. இந்தப் பதிப்பின் கல்யாண மாப்பிள்ளை, மொய்மீர் எழுதிய இன்ஸ்டாலர். லீபாவைக் கணினியில் ஏற்றி வைக்கும் பகுதி அதுதான். மொய்மீருக்கு முப்பது வயதிருக்கும். ஒலோமொவ்ட்ஸிலிருந்து தினம் ரயிலில் வருகிறவன், பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிறவன். ஒன்றரை வருஷமாக அந்த இன்ஸ்டாலரைத் தவிர வேறெதையும் அவன் நினைத்ததாகத் தெரியவில்லை. அவன் சம்பளம் ஓர் அறக்கட்டளையின் நிதியிலிருந்து வருகிறது. இன்ஸ்டாலர் இந்தப் பதிப்பில் இடம்பெற்றால் நிதி தொடரும். இல்லாவிட்டால் மொய்மீர் வேறு இடம் பார்க்க வேண்டும். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

வெளியீட்டுக் குறிப்பு எழுதுவது என் பிழைப்பு. இன்ஸ்டாலரோடு ஒன்று, இன்ஸ்டாலர் இல்லாமல் ஒன்று என இரண்டு விதமாக எழுதி வைத்துவிட்டு, எதை அனுப்புவது என்று தெரியாமல் ஹெட்விகாவின் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

சிவந்தது எந்தச் சோதனை என்று நானும் பார்த்தேன். கணினியில் இரண்டு டிஸ்க். ஒன்றில் ஒருவருடைய ஃபைல்கள் இருக்கின்றன, மற்றது காலி. காலியாக இருப்பதில் லீபாவை ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்த பிறகு பழைய ஃபைல்கள் பத்திரமாக இருக்க வேண்டும். அவை இல்லை. ஃபைல் இருந்த டிஸ்க்கை இன்ஸ்டாலர் துடைத்து வைத்திருந்தது.

வெளியீட்டுக்குப் பொறுப்பான ராதிம் வந்தான். சிரிக்க முயற்சி செய்துகொண்டே வந்தான்.

"அதப் பாத்துட்டேன். மறுபடி ஓட்டினேன், பச்சை. இன்னொரு தடவையும் ஓட்டினேன், பச்சை."

"யாரக் கேட்டு ஓட்டினே?"

"ரிலீஸ் என் பொறுப்பு, ஹெட்விகா. பொத்தான அமுக்க உன்கிட்ட டிக்கெட் வாங்கணுமா?"

"ஒருத்தரு வீட்டுல இதுவே நடக்குதுன்னு வெச்சுக்கோ. பொண்ணு கல்யாண வீடியோ, செத்துப்போன அப்பா போட்டோ எல்லாம் போச்சு. அவரு எந்தப் பொத்தான அமுக்கி மறுபடி ஓட்டுவாரு?"

ராதிமின் சிரிப்பு நின்றுவிட்டது. மாலைக் கூட்டத்துக்குள் காரணம் வேண்டும், இல்லாவிட்டால் இன்ஸ்டாலரை எடுத்துவிட்டுப் பழையதைப் போடுவதைத் தவிர வழியில்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

பொறி செய்வதையெல்லாம் படமாகப் பதிவு செய்து வைக்கும். ஹெட்விகா அந்தப் பதிவை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். சாப்பிடப் போகவில்லை. நான் வாங்கி வந்த ரொட்டியைத் தொடவில்லை. கடைசியில் பலகையில் எழுதினார்: இன்ஸ்டாலர் தவறான டிஸ்க்கை அழிக்கிறது. கீழே முழுப் பெயர்: மொய்மீர் ஸப்லெதால்.

அவ்வளவுதான், ஊரே திரண்டுவிட்டது. முகம் தெரியாத ஆட்கள் வரிசையாக வந்து எழுத ஆரம்பித்தார்கள். 'இன்ஸ்டாலர் எழுத இவனை யார் விட்டது?' 'ஒன்றரை வருஷம் தூங்கினானா?' இன்னும் மோசமாகவும் இருந்தன, அவற்றை இங்கே எழுத மனம் வரவில்லை. ராதிம் இன்ஸ்டாலரை எடுத்துவிட்டான். பழைய இன்ஸ்டாலரோடு புதுப் பிரதி தயாராகத் தொடங்கியது.

மொய்மீர் எழுந்து எங்கள் பக்கம் வந்தான். கையில் மடிக்கணினி.

"திருமதி பவெல்கோவா, உங்களுக்கு ஒரு நிமிஷம் இருக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. வேலைக்குச் சேர்ந்த வாரத்திலிருந்து ஹெட்விகாவை 'நீ' போட்டுப் பேசுகிறவன் அவன். இங்கே கோபம் வந்தால் குரல் உயராது, மரியாதைதான் உயரும். ஹெட்விகாவின் காது நுனி சிவந்தது. ஆனாலும், "காட்டு" என்றார்.

அவன் பதிவை ஓரிடத்தில் நிறுத்திக் காட்டினான். திரையில் இரண்டு டிஸ்க்குகளின் பட்டியல்.

"வழக்கமா மேல இருக்கறது ஃபைல் உள்ள டிஸ்க். கீழ காலி டிஸ்க். இந்த ஓட்டத்துல மட்டும் காலி டிஸ்க் முன்னாடி முழிச்சுக்கிச்சு, அதனால மேல வந்துருச்சு. ரெண்டு டிஸ்க் இருந்தா சில சமயம் இப்படி ஆகும், அது தப்பில்ல. இன்ஸ்டாலர் பேரச் சரியாத்தான் காட்டியிருக்கு. மனுஷன்னா படிச்சிருப்பான். உங்க பொறி படிக்காமலே ரெண்டாவது வரிய அமுக்கிருச்சு."

"அது படிக்காம அமுக்காது. லிஸ்ட் மாறினா மாதிரிப் படத்தோட ஒத்துப்போகாது, அங்கயே செவந்திருக்கும். செவக்கலியே. அப்படின்னா அது பாத்தப்ப லிஸ்ட் சரியா இருந்து, அதுக்கப்புறம் உன் இன்ஸ்டாலர் எடத்த மாத்திருக்கு."

"மாத்தல."

"பின்ன?"

"மாதிரிப் படத்தத் தெறந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு மொய்மீர் தன் மேசைக்குப் போனான். தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

ஹெட்விகா என் பக்கம் திரும்பினார். "பாத்தியா திமிர? இப்பத் தெறக்கறேன், நீயே சாட்சி" என்று மாதிரிப் படத்தைத் திறந்தார். அந்தப் படத்தில் இரண்டு வகைக் கட்டங்கள் இருக்கும். பச்சைக் கட்டத்துக்குள் உள்ளது அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும். சாம்பல் கட்டத்துக்குள் உள்ளதைப் பொறி பார்க்கவே பார்க்காது. நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும் கடிகாரம் போன்றவற்றை மறைப்பதற்காக அது.

தலைப்பின் மேல் பச்சைக் கட்டம். கீழே உள்ள பொத்தானின் மேல் பச்சைக் கட்டம். நடுவே டிஸ்க் பட்டியல் முழுவதும், பெயர்களும் வரிசையும் எல்லாம், ஒரே சாம்பல் கட்டத்துக்குள் கிடந்தன.

சுட்டியின் மேல் இருந்த அவர் கை அசையவில்லை. பிறகு அந்தக் கட்டத்தைப் போட்டது யார் என்று பார்க்கும் பக்கத்தைத் திறந்தார். பிப்ரவரி மாதம். அப்போது டிஸ்க்கின் அளவு ஒரு நாள் 40 என்றும் ஒரு நாள் 39.9 என்றும் வந்து, ஒன்றுமில்லாததற்குத் தினம் சிவந்துகொண்டிருந்தது எனக்கும் நினைவிருக்கிறது. அந்த எண்ணை மட்டும் மறைக்கப் போன கை தாராளமாக இழுத்துவிட்டிருக்கிறது. 'முக்கியமில்லை, பார்க்க வேண்டாம்' என்று குறிப்பு. குறிப்பின் கீழே, ஹெட்விகா பவெல்கோவா.

பொறிக்குக் கண் என்று இருப்பது அந்தப் படம் ஒன்றுதான். அந்தக் கண்ணில் துணியைக் கட்டிவிட்டு, அது தடுக்கி விழுந்ததற்கு மொய்மீரைப் பிடித்து அடித்திருக்கிறோம். அவர் அதை நாலைந்து தரம் படித்தார் என்று நினைக்கிறேன். நான் என் திரையைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தேன்.

ராதிம் வந்தான். முகத்தில் தெளிவு.

"பழைய இன்ஸ்டாலரோட எல்லாம் பச்சை. கூட்டத்த ஆரம்பிக்கறோம். உன் முறை வந்ததும் 'போகலாம்'னு ஒரு வார்த்தை சொல்லு, எல்லாரும் வீட்டுக்குப் போவோம்."

ஹெட்விகா பேசாமல் திரையை அவன் பக்கம் திருப்பினார். அவன் குனிந்து படித்தான். நிமிர்ந்து மொய்மீர் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். குரலை இறக்கிக்கொண்டான்.

"இத நாளைக்கு எழுதிக்கலாம். டெஸ்ட்ல ஒரு சின்னக் கோளாறு, சரி பண்ணியாச்சுன்னு. பேரெல்லாம் வேணாம். இன்னிக்கு வெளிய தெரிஞ்சா மூணாவது தடவயும் தள்ளிப்போகும். என் தோல உரிச்சுடுவாங்க."

"மொய்மீர்?"

"அவனோடத அடுத்த பதிப்புல சேத்துக்கலாம்."

"அடுத்த பதிப்பு வரும்போது அவன் இங்க இருப்பானா?"

ராதிம் மணியைப் பார்த்தான், போனான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ராதிம் சொன்னதே சரி என்று பட்டது. ஊரார் பெயரையெல்லாம் எழுதி எழுதி ஹெட்விகா சம்பாதித்து வைத்திருந்த பகை கொஞ்சமல்ல. எப்போது சறுக்குவார் என்று காத்திருக்கிறவர்கள் நாலு நாட்டில் இருக்கிறார்கள். மத்தியானம் மொய்மீருக்கு நடந்ததை வட்டியோடு இவருக்குத் திருப்புவார்கள். 'வாய மூடிக்கிட்டு இரு, ஹெட்விகா' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் பயந்திருந்தார். மேசை விளிம்பைப் பிடித்திருந்த விரல்களில் தெரிந்தது.

வெளிநாட்டில் இருப்பவர்களும் சேர வேண்டும் என்பதால் கூட்டம் ஒலிபெருக்கியில் நடக்கும். பதிவும் ஆகும். ராதிம் ஒவ்வொரு பிரிவாகக் கூப்பிடுவான். அந்தப் பிரிவுக்காரர் 'போகலாம்' அல்லது 'நிக்கட்டும்' என்று சொல்ல வேண்டும். ஒரு பிரிவு 'நிக்கட்டும்' என்றாலும் வெளியீடு நிற்கும்.

"மொழிபெயர்ப்பு?"

"போகலாம்" என்றார் ஸ்நெஜானா, பல்கேரியாவின் ப்ளோவ்திவிலிருந்து.

"ஆவணம்?"

அது நான். "போகலாம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சோதனை?"

யாரோ இருமினார்கள். ராதிம் இன்னொரு முறை, "சோதனை? ஹெட்விகா?" என்றான்.

"நிக்கட்டும்."

ஒலிபெருக்கியில் சலசலப்பு. ஹெட்விகா மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"மத்தியானம் நான் எழுதினது தப்பு. இன்ஸ்டாலர் சரியா இருக்கு. டிஸ்க் பேரு பொறி கண்ணுல படாம மறச்சு வெச்சது நான். பிப்ரவரியில. தினமும் செவந்துக்கிட்டே இருந்துச்சு, எனக்கு அலுத்துப்போச்சு, மறச்சுட்டேன். அது அங்கயே இருக்கு, யாரு வேணா தெறந்து பாக்கலாம். மொய்மீர் மேல ஒரு தப்பும் இல்ல. அவனுக்குத் திட்டு எழுதினவங்க எல்லாரும் வந்து எனக்கு எழுதுங்க."

"ஹெட்விகா, இது பதிவாகுது" என்றான் ராதிம் அடிக்குரலில்.

"ஆகட்டும். மத்தியானம் அவன் பேரும்தான பதிவாச்சு."

ஸ்நெஜானா கேட்டார்: "அப்ப மொய்மீரோட இன்ஸ்டாலர் திரும்ப உள்ள வருதா?"

ராதிம் நெற்றியைத் தேய்த்தான். வேறு வழியில்லை. "வருது. பதிப்பு ஒரு வாரம் தள்ளிப்போகுது" என்றான். ஒலிபெருக்கியில் யாரோ போலிஷ் மொழியில் நன்றாகத் திட்டினார்கள். ஹெட்விகா அதைக் காதில் வாங்காமல் பலகையைத் திறந்து, மொய்மீரின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். கீழே வரிசையாக நின்ற அந்தத் திட்டுகளை அவரால் அழிக்க முடியாது. எழுதியவர்கள்தான் அழிக்க வேண்டும், ஒருவரும் அழிக்கவில்லை.

மொய்மீர் ஹெட்போனைக் கழற்றியிருந்தான். எல்லாம் கேட்டிருந்தான். ஆனால் எங்கள் பக்கம் திரும்பவில்லை. அவன் திரையில் அந்தத் திட்டுகள்தான் ஓடிக்கொண்டிருந்தன. மேலிருந்து கீழே மெதுவாகப் படித்துக்கொண்டே போனான்.

எங்கள் ஊரில் 'நீங்க' போட்டுப் பேசுகிற இருவர் 'நீ' என்று பேசிக்கொள்ள ஒரு முறை இருக்கிறது. மூத்தவர் முதலில் கையை நீட்டித் தன் பெயரைச் சொல்வார். மற்றவர் அந்தக் கையைப் பிடித்துத் தன் பெயரைச் சொல்வார். புதிதாகப் பழகுகிறவர்கள் செய்வது. ஒருவரோடு ஒரு தரம் செய்தால் ஆயுசுக்கும் போதும். இரண்டாம் தரம் செய்து நான் பார்த்ததில்லை.

ஹெட்விகா எழுந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மேசைகளைச் சுற்றி நடந்து, மொய்மீரின் பக்கத்தில் போய் நின்றார். கூட்டத்தில் ராதிம் புதுத் தேதி பேசிக்கொண்டிருந்தான். அவர் வலது கையை நீட்டினார்.

"ஹெட்விகா" என்றார்.

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீட்டிய கையை அவர் மடக்கவில்லை.